கொம்பு தடவுகிற ஹக்நசர்

இடது கையால் ஒவ்வொரு கொம்பாகத் தடவிக்கொண்டே போகிறார் ஹக்நசர். கடைசிக் கொம்புவரை வந்ததும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். பழைய கொம்பில் மழையில் நனைந்த கல்லின் வாசம்தான் இருக்கும். ஒரு முறை மோந்தால் போதும். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல. நல்லது" என்பார். பிறகு வீட்டுக்குப் போய் உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீர் குடிப்பார். புதிதாக வந்த கொம்பு என்றால் அடியில் ஒட்டிய தோலும் கொழுப்பும் விரலில் பிசுபிசுக்கும். அப்போது இரண்டாம் முறையும் மோந்து பார்ப்பார். கையைத் துடைக்க மாட்டார். அன்றைக்கு ஊரில் யாருக்கோ தூக்கம் போய்விடும்.

ஊருக்கு மேலே, ஓடை திரும்புகிற இடத்தில் கூரையில்லாத ஒரு கல்சுவர். அதுதான் எங்கள் தர்கா. உள்ளே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்த கொம்புகள். மலையாட்டின் வளைந்த கொம்பு, பெரிய காட்டுச் செம்மறியின் சுருண்ட கொம்பு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மலையில் ஆட்டைச் சுட்டவன், கறி தின்று முடிப்பதற்குள் அதன் கொம்பை இங்கே கொண்டுவந்து வைத்தாக வேண்டும். எலும்பை உடைக்கக் கூடாது. மூட்டு மூட்டாகப் பிரித்துத் தின்றுவிட்டு, எல்லா எலும்பையும் மலையடியில் ஒரு கல்லின் கீழே சேர்த்து வைக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் அதைச் சொல்வதில்லை, நானும் எழுதப் போவதில்லை. மலையாடுகள் அவர்களுடைய மந்தை. பனிச்சிறுத்தை அவர்கள் வீட்டுப் பூனை.

ஹக்நசருக்கு வேலை காவல். ஊரார் சேர்ந்து நடத்தும் விலங்குக் காப்புச் சங்கத்தில் மூன்று காவலர்கள் உண்டு. மற்ற இருவரும் தொலைநோக்கியோடு மலையேறி, முகம் வெந்து திரும்புவார்கள். ஆண்டுக்குச் சில கிழட்டுக் கிடாக்களைச் சுட வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு அரசு அனுமதி தருகிறது. அந்த வருமானத்தில்தான் பள்ளிக்கூடத்து அடுப்புக்கு நிலக்கரியும், நர்ஸ் கையில் மருந்தும் வருகின்றன. யாராவது களவாகச் சுட்டால் அடுத்த ஆண்டு அனுமதியில் ஒன்று போய்விடும். களவாணியைப் பிடிக்க ஹக்நசர் மலையேறுவதில்லை. தர்காவுக்குப் பின்னால் ஒரு பாறை மறைவில், பழைய ராணுவக் கம்பளிக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு விடியற்காலையில் உட்கார்ந்திருப்பார். போலீசுக்குப் பயப்படாதவன்கூடக் கொம்புக்குப் பயப்படுவான். துப்பாக்கியை ஒளிப்பான், தோலைப் புதைப்பான், சத்தியம் செய்வான். கொம்பை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளத் துணிய மாட்டான். தானாகவே கொண்டுவந்து மாட்டிக்கொள்வான்.

மலையேற வேண்டியிருந்தாலும் அவர் பாட்டுக்கு ஏறிவிட மாட்டார். ஓடையைத் தாண்டுமுன் நின்று, "வரலாமா?" என்று உரக்கக் கேட்பார். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்து நிற்பார். சில நாள் திரும்பி வந்துவிடுவார்.

"என்ன அண்ணே, இன்னிக்கு ரோந்து இல்லையா?" என்று கேட்பேன்.

"வேணாம்னுட்டாங்க தங்கச்சி."

இப்படி ஒரு வேலை எனக்கும் கிடைத்தால் நானும் மூன்று நாளைக்கு ஒரு தரம் மாவு பிசையலாமா என்று யாரையாவது கேட்டுவிட்டு, வேண்டாமென்று சொல்கிறார்கள் என்று படுத்துக்கொள்வேன். நான் விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

என் வீட்டில்தான் தலைநகர் துஷன்பேயிலிருந்து வரும் மலிகா தங்குவாள். மலையில் தானாகப் படமெடுக்கும் கேமராக்களைக் கட்டிவைத்து, விலங்குகளை ஆராய்கிற பெண். கெட்டிக்காரி. ஹக்நசர் அவளுக்கு மாமா. இருவரும் சேர்ந்தால் எனக்கு வேலை ஓடாது.

"சிவப்புப் புத்தகத்துல பனிச்சிறுத்தை ஆபத்துல இருக்கற விலங்குன்னு போட்டிருக்கு மாமா. பெரிய செம்மறியும் அப்படித்தான். மலையாடு இப்போதைக்குப் பரவாயில்ல. கொஞ்சம் அசந்தோம்னா அதுவும் போயிரும்" என்பாள் மலிகா.

"எல்லாம் சரி மருமவளே. எது யாருக்குச் சொந்தம்னு போட்டிருக்கா?"

"காட்டு மிருகத்துக்கு ஏது சொந்தக்காரங்க? சரி, நீங்களே சொல்லுங்க. கரடி யாருக்குச் சொந்தம்?"

"கரடி யாருக்கும் சொந்தமில்ல. அவன் ஒரு காலத்துல மாவு மில்லு வச்சிருந்தவன். ஊர் மாவுல கைய வச்சான், உடம்பெல்லாம் மயிரு மொளச்சுப்போச்சு."

"ஓநாய்?"

"அது வெளியூரு. அன்னிக்கன்னிக்குப் பொழப்பு."

"அந்தத் தட்டை மூஞ்சிக் காட்டுப்பூனை?"

"அது என் மாமியா. உயிரோட இருந்தப்பவும் அதே மூஞ்சிதான்."

காது நுனியில் மயிர்க்குஞ்சம் வைத்த பெரிய காட்டுப்பூனையான லின்க்ஸைப் பற்றி மட்டும் கேட்டால் பேச மாட்டார், கதவைப் பார்ப்பார். மேல் பள்ளத்தாக்கில் கரடியே கிடையாது என்று ஒரு கோடை முழுவதும் அடித்துச் சொன்னவர் இவர். கடைசியில் மலிகாவின் கேமராவில் ஒரு கரடி மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்தபோது எங்கள் மூவருக்குமே சிரிப்பு நின்றுபோனது. நல்ல பகல் வெளிச்சம். மலையாட்டு மந்தை ஒன்று, குட்டிகளும் பெட்டைகளும் தாடி வைத்த கிடாக்களுமாக, அசையாமல் நிற்கிறது. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்க்கின்றன. அந்தப் பக்கம் மொட்டைப் பாறைச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"சிறுத்தை வந்திருக்கும்" என்றாள் மலிகா.

"சிறுத்தை வந்தா ஓடியிருக்காதா? இது பால் கறக்க வர்றவளப் பாக்கற பார்வை" என்றார் ஹக்நசர்.

அடுத்த படத்தில் ஆடுகள் இல்லை. அதே இடத்தில் ஒரு பனிச்சிறுத்தை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதே பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மலிகா கணினியை மூடிவிட்டாள். எனக்கு அன்று அந்த அறையில் தனியாக ரொட்டி சுடப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கமொன்றும் இல்லை.

ஹக்நசரும் ஒரு காலத்தில் சுட்டவர்தான். உள்நாட்டுப் போரின்போது சாலைகள் மூடிக் கிடந்தன. ரொட்டிக்கு மாவு இல்லை. துப்பாக்கி மட்டும் யாரிடம் கேட்டாலும் கிடைத்தது. கையும் காலும் உள்ள ஆண்கள் எல்லாரும் மலையேறினார்கள். எங்களுக்கு ஆகாத முயலை மட்டும்தான் விட்டுவைத்தார்கள். தர்காவுக்குள் இடம் போதாமல் கொம்புகளைச் சுவருக்கு வெளியே குவித்தார்கள். அப்புறம் பல ஆண்டு மலையில் ஓர் ஆடு கத்துவதுகூடக் கேட்கவில்லை. பசித்த சிறுத்தைகள் தொழுவத்துக் கூரைவழியே இறங்கின.

அந்தக் குளிர்காலத்தில் ஹக்நசர் ஒரு பெட்டையைச் சுட்டார். தோலை உரித்து விலாவைப் பிரிக்கும்போது கத்தி ஓர் இடத்தில் எலும்பில் படுகிற மாதிரிப் படவில்லை. மரத்தில் படுகிற மாதிரி இருந்தது. கூடவே அர்ச்சா மரத்தின் வாசம். சரிவுகளில் குட்டையாக வளர்கிற அந்த வாசனை மரத்தை நாங்கள் தர்காவில் புகை போடுவோம். எந்தக் குழந்தைக்கும் அந்த மணம் தெரியும். ஆட்டின் கடைசி விலா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்குச்சி இருந்தது.

அதற்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேலே இருப்பவர்களும் தங்கள் மந்தையிலிருந்து ஆடு அடித்துத் தின்பார்கள். தின்ற பிறகு எலும்புகளைத் தோலில் அடுக்கி வைத்து, தட்டி எழுப்பிவிடுவார்கள். ஓர் எலும்பு குறைந்தால் அர்ச்சாக் குச்சியைச் செதுக்கி அந்த இடத்தில் பொருத்துவார்கள். ஆடு எழுந்து நடக்கும், மேயும், குட்டி போடும். ஆனால் அது ஒரு தடவை செத்த ஆடு. அவர்கள் விருப்பப்பட்டு உலவ விட்டிருக்கிறார்கள். வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வார்கள். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

ஹக்நசர் தொட்டுவிட்டார். அந்த மாதமே, நடை பழகிக்கொண்டிருந்த அவருடைய மூத்த பெண் இருமலில் போய்விட்டாள். துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பஞ்ச் ஆற்றில் வீசினார். குச்சியைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி விரல் நீளம், கொஞ்சம் வளைந்து, கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது.

"குச்சிதானே அண்ணே" என்றேன்.

"குச்சிதான். ஆட்டுக்குள்ள இருந்துச்சு" என்றார்.



இந்தக் குளிர்காலத்துக் கதைக்கு வருகிறேன். அவருடைய மகன் உமேத் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். மருமகள் சவ்சன் இங்கே மாமனார் மாமியாரோடு. அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. மூன்றாவது தங்கி, வயிறு நன்றாகத் தெரிகிற காலத்தில் மறுபடியும் இரத்தம் பட்டது. அசையாமல் படுத்திரு என்றாள் நர்ஸ். மாவட்ட மருத்துவமனைக்குப் போகிற சாலையைப் பனி மூடியிருந்தது. ஹக்நசரின் மனைவி நெக்பக்த் அண்ணி எத்தனை நாள்தான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்? மலையாட்டு ரசம் கருவைப் பிடித்து நிறுத்தும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. திடீரென்று சவ்சனுக்குத் தினமும் ஒரு தூக்குச்சட்டியில் வெங்காய மணத்தோடு ரசம் வர ஆரம்பித்தது. ஊரார் வைத்த கொம்பையெல்லாம் மோந்து பிடித்த மனிதர் தன் வீட்டுத் தூக்குச்சட்டியை மோந்து பார்க்கவில்லை. தன் தம்பி வீட்டில் கோழி அடித்தார்கள் என்று அண்ணி சொன்னாள், நம்பிவிட்டார்.

ஒரு விடியற்காலை அவர் பாறை மறைவில் இருந்தபோது, சால்வையால் முகத்தை மூடிய ஒரு பெண் தர்காவுக்குள் நுழைந்து, மடியிலிருந்து ஒரு ஜோடிக் கொம்பை எடுத்து வைத்தாள். மெலிந்த, குட்டையான கொம்பு. பெட்டையின் கொம்பு. அடுத்து நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஆளுக்கொரு விதமாக அழுதார்களே தவிர, பேச்சு ஒன்றுதான்.

"நீயா?" என்றிருக்கிறார்.

"ஆமா, நான்தான். கொம்ப வீட்டுலயே வச்சிருக்கச் சொல்றீங்களா? அப்புறம் அவங்க சும்மா விடுவாங்களா?"

"சுட்டது யாரு? உன் தம்பியா?"

"பிள்ளைக்காகச் சுட்டான். கறிக்காகச் சுடல."

"பெட்டையாச்சே இது. வயித்துல இருந்துச்சா?"

அண்ணி சால்வை நுனியால் கொம்பைத் துடைத்தாள். அந்தப் பருவத்தில் பெட்டை சினையாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஹக்நசர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

"ஒரு வயித்துக்காக இன்னொரு வயித்த அறுத்திருக்கீங்க. அதுவும் அவங்க ஆட்டுல. இதுக்கு எத எடுப்பாங்கன்னு தெரியாதாடி உனக்கு?"

"அதுக்குத்தானே கொம்பு வச்சேன்!"

"திருடுன வீட்டு வாசல்லயே கொண்டுவந்து வச்சுட்டா ஆச்சா? நாமளே ஆளப் புடிச்சுக் குடுக்கணும். அப்பத்தான் நம்மகிட்ட ஒரு நியாயம் இருக்குன்னு தெரியும். அப்பத்தான் பிள்ளைய விடுவாங்க."

அன்றே மச்சான் கதம்ஷாவைப் பனியில் நடத்தியே சாலை திறந்திருக்கிற ஊர்வரை கூட்டிக்கொண்டு போனார், அங்கிருந்து ஜீப். வழியில் தன் ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுத்தாராம். கதம்ஷா அதை வாங்கிக் காக்கைக்குப் போட்டானாம். வழக்கு இன்னும் நடக்கிறது. ஊருக்கு அனுமதியில் ஒன்று போயிற்று. பாதி ஊர் அவருக்குச் சலாம் சொல்வதை நிறுத்தியது. மீதிப் பாதி முன்பைவிடக் குனிந்து சொன்னது, பயத்தில். எனக்கும் கோபம்தான். சட்டத்துக்காகச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ நல்ல பிள்ளையாக இருப்பதற்காகச் சொந்த மச்சானைக் கொண்டுபோய் விட்டார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நெக்பக்த் அண்ணி அவரோடு பேசுவதை விட்டாள். தேநீரைத் தரையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்: "அடுப்பே, டீ ஆறுதுன்னு சொல்லு." அவரும் அடுப்பைப் பார்த்தே பதில் சொல்வார்: "அடுப்பே, உப்பு கம்மின்னு சொல்லு." சவ்சன் படுக்கையிலிருந்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த நாட்களில் ஹக்நசர் ஒன்று செய்தார். இத்தனை ஆண்டு கோட்டுக்குள் வைத்திருந்த குச்சியை எடுத்துப் போய், அந்தப் பெட்டையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே வைத்தார். "உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்களோடத எங்ககிட்ட விட்ருங்க" என்று சொன்னார். நானும் புகை போடப் போனபோதெல்லாம் பார்த்தேன். குச்சி அதே இடத்தில்தான் இருந்தது. பனி பெய்தது, காற்று அடித்தது, நகரவில்லை.

வசந்தகாலப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகை வந்தது. வீடுகளைப் பெருக்கி, தூண்களில் மாவால் கோலமிட்டுக்கொண்டிருந்தோம். மாதம் நிறைவதற்கு முன்பே சவ்சனுக்கு வலி எடுத்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள். ஹக்நசரைக் கூட்டிவரத் தர்காவுக்கு ஓடினேன். அவர் மண்டியிட்டு, கொம்புகளுக்கு இடையே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"குச்சியக் காணோம் தங்கச்சி."

"காத்துல போயிருக்கும் அண்ணே. எந்திரிங்க, சவ்சனுக்கு வலி வந்திருச்சு."

"காத்தா? பனி நின்னப்புறமும் இங்கதான் இருந்துச்சு. பாரு, கொம்பு மேல கெடக்கற பனி அப்படியே கெடக்கு."

பார்த்தேன். புதுப் பனி ஒரு விரல் தடிமனுக்கு, யாரும் தொடாமல் கிடந்தது. அவருடைய கை நுழைந்த ஓட்டையைத் தவிர வேறு தடமில்லை. அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வாசலை எட்டியபோது உள்ளே சத்தமே இல்லை. அவரை வெளியே நிறுத்திவிட்டு நுழைந்தேன். பெண் குழந்தை. நீலம் பாரித்து, நர்ஸின் கையில் துணிபோலத் தொங்கியது. அவள் முதுகைத் தேய்த்தாள், பாதத்தைத் தட்டினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். திரும்பத் திரும்ப ஊதினாள். நெக்பக்த் அண்ணி மாவுக் கையோடு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சவ்சன், "எங்கிட்டக் குடுங்க, எங்கிட்டக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தை மூடலாம் என்று நான் துணியை எடுத்தேன்.

அப்போது குழந்தை அழுதது.

எங்களுக்கு நடுவே யாரோ தட்டி எழுப்பியதுபோல உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டு, அப்புறம் அழுதது. நர்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோமா அழுதோமா என்று எனக்கு நினைவில்லை. அண்ணி கதவைத் திறந்து, இத்தனை வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக அடுப்பின் துணையில்லாமல் பேசினாள்: "உள்ள வாங்க உமேத் அப்பா. பொண்ணு. மூச்சில்லாம இருந்துச்சு, திரும்பி வந்துருச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஹக்நசர் வாசற்படியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, வெந்நீரில் கை கழுவினார், துடைத்தார், அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டார். குழந்தை அதற்குள் அம்மாவின் மார்பில் கிடந்தது, நல்ல சிவப்பாக. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, போர்வையை விலக்கி, இடது கையால் அதன் விலாவை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். தாத்தா கொஞ்சுகிறார் என்று சவ்சன் சிரித்தாள். கடைசி விலாவில் விரல் நின்றது. கொஞ்சம் பின்னுக்குப் போய், மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல, நல்லது" என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் இரண்டாம் முறையும் மோந்து பார்த்தார். கையைத் துடைக்கவில்லை.